சேணத்தோடு விமானம் ஏறுபவருக்கு: எது கையில், எது பெட்டியில், எது வீட்டில்

கேள்வி கேட்டவர் கோவைக்காரர். ஆறு வருடமாகக் குதிரையேற்றம் பழகுகிறார். மெல்பர்னுக்குப் பக்கத்தில் ஒரு குதிரைப் பண்ணையில் மூன்று மாதம் தங்கி, லாய வேலையும் செய்துகொண்டு பயிற்சியும் எடுக்கப் போகிறார். சேணம், ஹெல்மெட், முழங்கால் உயர பூட்ஸ், ஏர் வெஸ்ட் (விழும்போது காற்று நிரம்பி உடம்பைக் காக்கும் சட்டை), பிரைடில் (குதிரையின் தலையில் மாட்டும் கடிவாளம்), சாட்டை எல்லாமே சொந்தமாக வைத்திருக்கிறார். எதைச் செக்-இன் பண்ணலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடைசி வரியில், “சேணம் அப்பா கடன் வாங்கி எடுத்துக் கொடுத்தது, அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது” என்றும் எழுதியிருக்கிறார். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதாவது, அந்தச் சேணத்தை எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டுமா என்பது. நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சவாரி சொல்லிக் கொடுக்கிறேன். மாணவர்களோடு போட்டிகளுக்கும் பயிற்சிகளுக்கும் பலமுறை விமானத்தில் இந்தச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சவாரிச் சாமான்களில் உங்கள் உடம்புக்குப் பொருந்தியவை கொஞ்சம், குதிரையின் உடம்புக்குப் பொருந்தியவை கொஞ்சம். ஹெல்மெட், பூட்ஸ், வெஸ்ட், கையுறை, பிரீச்சஸ் (சவாரிக் கால்சட்டை) இவையெல்லாம் உங்களுக்கானவை. போகிற இடத்தில் இரவல் வாங்கினால் சரியாக வராது. பிரைடில், பிட் (குதிரையின் வாயில் மாட்டும் இரும்பு), வயிற்று வார் இவையெல்லாம் குதிரைக்கானவை. அங்கே இருக்கும் குதிரைக்கு அங்கேயே அளவெடுத்து வைத்திருப்பார்கள். சேணம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உட்காரும் இடம் உங்களுக்கு, அடிப்பக்கம் குதிரையின் முதுகுக்கு. கோவையில் நீங்கள் ஏறும் குதிரையின் தோள் அகலத்துக்குப் பார்த்து வாங்கிய சேணம், அங்கே பரந்த தோளுள்ள வார்ம்பிளட் இனக் குதிரையின் முதுகில் கிடுக்கி மாதிரி உட்காரும். வெளிநாட்டில் போய் அங்கே இருக்கும் குதிரையில் ஏறுவது நம் ஆட்களில் பலருக்கும் பழகிய நிலைமைதான். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸாஜ் (குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் பிரிவு) குழுப் போட்டியில் தங்கம் வாங்கிய நம் நால்வரும் ஐரோப்பாவில் இருந்த குதிரைகளோடு பயிற்சி எடுத்தவர்கள். ஆள் பறக்கலாம், குதிரை அவ்வளவு சுலபமாக எல்லை தாண்ட முடியாது. ஆகவே பண்ணைக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: நான் ஏறப்போகும் குதிரைகளுக்குச் சேணம் இருக்கிறதா, என் அளவு 17 அங்குலம், அந்த இருக்கை கிடைக்குமா என்று. இருக்கிறது என்று பதில் வந்தால் உங்கள் சேணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மூன்று மாதத்தில் பல குதிரைகள் மாறி மாறி ஏறுவீர்கள். ஒரே சேணம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. என் முதல் ஆலோசனை இதுதான். பண்ணைக்காரரே “உன் சேணத்தைக் கொண்டு வா” என்று சொன்னால், எப்படிக் கொண்டுபோவது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஹெல்மெட். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது: கையோடு, கேபின் பைக்குள். ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது இபிஎஸ், அதாவது நாம் தெர்மகோல் என்று சொல்கிற அதே வகைப் பொருள், இன்னும் அடர்த்தியாக. விழும்போது அது தன்னை நசுக்கிக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய இடம் மறுபடி எழும்பாது. சிக்கல் என்னவென்றால், மேலே துணியோ பிளாஸ்டிக்கோ மூடியிருப்பதால் நசுங்கியது கண்ணுக்குத் தெரியாது. செக்-இன் பெட்டி எத்தனை தடவை எறியப்பட்டது, அதன் மேல் எவ்வளவு எடை ஏறியது என்று யாருக்கும் தெரியாது. தலையில் போடும் பொருளை அப்படி அனுப்பக் கூடாது. பைக்குள் வைக்கும்போது ஹெல்மெட்டின் குழிவில் கையுறை, காலுறை, ஒரு டி-ஷர்ட் என்று மெத்தென்று நிரப்புங்கள்; திணிக்க வேண்டாம். முதுகுப் பைக்கு வெளியே கொக்கியில் தொங்கவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். கதவு, நாற்காலிக் கைப்பிடி, எஸ்கலேட்டர் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டே போகும். உள்ளே ஒட்டியிருக்கும் தரச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஏஎஸ்/என்இசட்எஸ் 3838 என்பது அவர்களுடைய தரம். சில வெளிநாட்டுத் தரங்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் சீட்டில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்துப் பண்ணைக்கும், போட்டிக்குப் போவதாக இருந்தால் கிளப்புக்கும் முன்கூட்டியே அனுப்பிக் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே அந்த ஹெல்மெட்டோடு ஒருமுறை பலமாக விழுந்திருக்கிறீர்கள் என்றால், அதைச் சுமந்துகொண்டு போகவே வேண்டாம். அங்கே போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேபின் பையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். ஏழு கிலோவுக்குள் அடங்க வேண்டும், ஹெல்மெட் ஒரு கிலோவைத் தொடாது. ஒரு பிரீச்சஸ், கையுறை, கணுக்கால் உயர பூட்ஸ், அரைச் சாப்ஸ் (கெண்டைக்காலில் மாட்டும் உறை) இவற்றையும் அதில் வையுங்கள். பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் மறுநாள் காலையில் குதிரை ஏறிவிடலாம். புதிய பண்ணையில் முதல் நாளே “என் சாமான் இன்னும் வரவில்லை” என்று ஓரமாக நிற்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அடுத்தது ஏர் வெஸ்ட். வெஸ்ட் துணியால் ஒரு பிரச்சினையும் இல்லை, அதைத் திறக்கும் சின்ன கார்பன் டை ஆக்சைடு உருளையால்தான் பிரச்சினை. சர்வதேச விமான விதிகளின்படி, உயிர்காக்கும் சட்டை போலத் தானாக ஊதும் பாதுகாப்பு உடையில் பொருத்திய சின்ன உருளைகள் இரண்டு வரைக்கும், உபரியாக இரண்டு வரைக்கும் கொண்டுபோகலாம், ஆனால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். இவ்வளவும் நிச்சயமானது. நிச்சயமில்லாதது, அந்த நிறுவனம் ஒப்புதல் தருமா, தந்தாலும் பாதுகாப்புச் சோதனையில் நிற்கும் அதிகாரி ஏற்பாரா என்பது. நிறுவனத்துக்கு நிறுவனம், ஊருக்கு ஊர் மாறும். நடுவில் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறிப் போனால் இரண்டு நிறுவனத்திடமும் கேட்க வேண்டியிருக்கும். என் மாணவர்களுக்கு நான் சொல்வது: உருளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வெஸ்ட்டை மட்டும் எடுத்துப் போங்கள், அதே அளவு உருளையை அங்கே வாங்குங்கள். வெஸ்ட்டின் மாடலையும் உருளையின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். 50 சி.சி.க்கும் 60 சி.சி.க்கும் வித்தியாசம் உண்டு, மாற்றிப் போட்டால் சரியாக ஊதாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் வேலை செய்யும் வெஸ்ட்டாக இருந்தால் அந்த லித்தியம் பேட்டரி கேபினில் வர வேண்டும். உபரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. குதிரை முடி வெட்டும் கிளிப்பரின் பேட்டரிக்கும் இதே விதி.

இனி சேணம். 2011-ல் எனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஒரு பயிற்சிக்குப் போகும்போது என் ஜம்பிங் சேணத்தை அதனுடைய துணி உறையில் போட்டு, மேலே பிளாஸ்டிக் சுற்றி, செக்-இன் கொடுத்தேன். இறங்கியதும் உறையைத் திறந்து பார்த்தேன். தோலில் ஒரு கீறல் இல்லை. நிம்மதியாக எடுத்துக்கொண்டு போனேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அமைதியான ஒரு குதிரை சேணம் வைக்கும்போதே காதைப் பின்னால் மடக்க ஆரம்பித்தது. முதுகைத் தடவினால் தோள் பக்கம் ஓரிடத்தில் தசையை உதறியது. பத்து நாள் கழித்து ஒரு சேணத் தொழிலாளியிடம் காட்டினேன். அவர் சேணத்தை இடுப்பில் முட்டுக் கொடுத்து, பின்மேட்டைத் தன் பக்கம் இழுத்தார். இருக்கையின் நடுவில் தோல் சுருங்கி, உள்ளே ‘க்ரக்’ என்று ஒரு சத்தம். ட்ரீ உடைந்திருந்தது. சேணத்தின் எலும்புக்கூடு அதுதான், மரத் தகடும் எஃகுப் பட்டையுமாகச் செய்தது. அது உடைந்தால் எடை முதுகு முழுக்கப் பரவாமல் ஒரே புள்ளியில் குத்தும். விமான நிறுவனத்திடம் போனேன். ஏழு நாள் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். பணம் போனதைவிட, அந்தக் குதிரை பத்து நாள் வலியோடு என்னைச் சுமந்ததுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே கடினமான பெட்டி வேண்டும். பெரிய ஹார்டு சூட்கேஸில் சேணம் அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால் இரட்டை அடுக்கு அட்டைப்பெட்டி. பெரும்பாலான நிறுவனங்களில் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு பெட்டி 23 கிலோவோ 32 கிலோவோ, டிக்கெட்டைப் பொறுத்தது. நம்முடைய இங்கிலிஷ் சேணம் ஆறிலிருந்து ஒன்பது கிலோ இருக்கும், அதனால் எடை பிரச்சினையில்லை, அளவுதான் இடிக்கும். டேப் வைத்து அளந்துவிட்டுப் பெட்டி தேடுங்கள். அங்கவடிகளையும் அவற்றின் வார்களையும் கழற்றிவிடுங்கள், கட்டியே வைத்தால் இரும்பு தோலைத் தேய்த்துத் தழும்பாக்கும். துண்டில் சுற்றித் தனியாக வையுங்கள். சேணத்தை முன்மேடு கீழே இருக்கும்படி நிறுத்தி, அடியில் சேணத் துணிகளை மடித்து மெத்தை போடுங்கள். குதிரையின் முதுகில் படும் இரண்டு மெத்தைகளுக்கு (பேனல்) நடுவில் இருக்கும் வாய்க்காலிலும் உருட்டிய துண்டு வைக்க வேண்டும். பலர் வெளிப்பக்கம் மட்டும் பஞ்சு வைக்கிறார்கள். உடைவது பக்கவாட்டிலிருந்து அழுத்தம் வரும்போது. உள்ளே வெற்றிடம் இருந்தால் ட்ரீ மடங்கும். பெட்டியை மூடிவிட்டுக் குலுக்கிப் பாருங்கள். எதுவும் அசையக் கூடாது. பாடி புரொடெக்டர் (பஞ்சு வைத்த உடல் காப்புச் சட்டை) இருந்தால் மடிக்காமல் இருக்கையின் மேல் போர்த்திவிடுங்கள், இடமும் மிச்சம், காப்பும் ஆச்சு. வெஸ்டர்ன் சேணம் பற்றி நான் பேசவில்லை. அது எடையிலும் உருவத்திலும் வேறு ரகம், எனக்கு அதில் கைப்பழக்கம் குறைவு.

பெட்டியை மூடும் முன் படம் எடுங்கள்: நாலு பக்கம், அடிப்பக்கம், மடலுக்குக் கீழே அச்சடித்திருக்கும் சீரியல் எண். இறங்கியதும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே பெட்டியைத் திறந்து, மேலே சொன்ன மாதிரி முட்டுக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நெகிழ்வது இயல்பு. நடுவில் மடிப்பு விழுந்தாலோ சத்தம் வந்தாலோ அங்கேயே விமான நிறுவனக் கவுண்டரில் பி.ஐ.ஆர். என்ற சாமான் சேத அறிக்கை எழுதி வாங்குங்கள். விமானப் பயண இழப்பீட்டுக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள். ஈடாகக் கிடைப்பதற்கும் உச்சவரம்பு உண்டு: 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), அமெரிக்க டாலரில் சுமாராக 2,000. உங்கள் சேணம் அதைவிட விலை அதிகம் என்றால் கிளம்பும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம், அல்லது பயணக் காப்பீட்டில் விளையாட்டுச் சாமான் அடங்குமா என்று பார்த்து எடுக்கலாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் ஆஸ்திரேலியா போகிறவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் சுத்தம். 2007 ஆகஸ்டுக்கு முன் அந்த நாட்டில் குதிரை இன்ஃபுளுவென்சா வந்ததே இல்லை. அந்த மாதம் சிட்னியில் ஈஸ்டர்ன் கிரீக் குவாரன்டைன் நிலையத்துக்கு ஜப்பானிலிருந்து வந்த குதிரைகளோடு கிருமி வந்தது. நிலையத்துக்குள்ளேயே நின்றிருக்க வேண்டியது, வெளியே போய்விட்டது. முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி இயன் கல்லினன் நடத்திய விசாரணை, பெரும்பாலும் கிருமி ஒட்டிய ஆளோ உடையோ கருவியோ வழியாகத்தான் அது வெளியேறியிருக்கும் என்று சொன்னது. குதிரை தப்பி ஓடவில்லை, கவனியுங்கள்; ஒரு பூட்ஸோ ஒரு பிரஷ்ஷோ போதுமாக இருந்தது. பல்லாயிரக்கணக்கான குதிரைகளுக்குத் தொற்றியது, நாடு முழுக்கக் குதிரை நடமாட்டத்தை நிறுத்தினார்கள், சிட்னியின் வசந்தகாலப் பந்தயங்கள் ரத்தாயின. நாமோ கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் 2006-லிருந்து மறுபடி தலைகாட்டிய நாட்டிலிருந்து போகிறோம். அவர்கள் நம் பூட்ஸை உற்றுப் பார்ப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. என் லாயம் அங்கே இருந்தால் நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

விமானத்தில் தரும் அறிவிப்புப் படிவத்தில், விலங்குகளோடு பயன்படுத்திய கருவிகள் இருக்கிறதா, மண் ஒட்டிய விளையாட்டுச் சாமான், காலணி இருக்கிறதா, கடந்த 30 நாளில் பண்ணைக்கோ பண்ணை விலங்குகளிடமோ போனீர்களா என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் “ஆம்” போடுங்கள். ஆம் போட்டால் பறித்துக்கொள்வார்கள் என்று பயந்து இல்லை என்று போடுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். அறிவித்துவிட்டு, பொருள் சுத்தமாகவும் இருந்தால் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அழுக்காக இருந்தாலும், அறிவித்தவருக்குப் பெரும்பாலும் சுத்தம் செய்யச் சொல்வதோடு முடியும். மறைத்தால் அபராதம், விசாவையே ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. மெல்பர்னில் ஓர் அதிகாரி என் பூட்ஸைத் திருப்பி, அடித்தோலும் மேல்தோலும் சேரும் தையலில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகத்தில் ஒன்றும் வரவில்லை. “நன்றி” என்று சொல்லி நீட்டினார். அந்தத் தையலை முந்தின வாரம் பல் குத்தும் குச்சியால் ஒரு மணி நேரம் சுரண்டியிருந்தேன்.

அதே மாதிரி நீங்களும் உட்காருங்கள். பழைய டூத் பிரஷ், குச்சி, சோப்புத் தண்ணீர். பூட்ஸின் ஜிப் மடிப்பு, ஸ்பர் (குதிமுள்) வார் போகும் இடம், அங்கவடியின் ரப்பர் பட்டைக்கு அடியில், கொக்கிகளின் மூலை, இங்கெல்லாம் சாணியும் மண்ணும் இறுகி உட்கார்ந்திருக்கும். சேணத் துணியில் குத்திக்கொண்டிருக்கும் முடி துவைத்தாலும் போகாது; பசைநாடாவை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். தேய்க்கும் பிரஷ், குளம்பு குத்தி, குதிரைத் தீவனம், மூலிகை மருந்து, ஈ விரட்டும் ஸ்பிரே எதுவும் எடுக்காதீர்கள். ஸ்பிரே விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள், மற்றது அங்கே போய் நிற்கும். கழுவிய தோல் சாமானை நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். முழுக்கக் காயாமல் கட்டினால் இரண்டே நாளில் பூஞ்சணம் பூத்துவிடும், அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். எண்ணெயும் அன்றே போட்டுவிடுங்கள். கடைசி நாளில் போட்டால் பெட்டியில் இருக்கும் துணியெல்லாம் கறையாகும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீள பூட்ஸுக்குள் மடித்த துண்டை உருட்டி வையுங்கள், கணுக்கால் மடிந்து கோடு விழாது. ஸ்பர், பிட், அங்கவடி எல்லாம் செக்-இன் பெட்டியில்தான். கையில் வைத்தால் எக்ஸ்ரேயில் நிறுத்தி நேரம் போகும். சாட்டையும் அப்படியே. ஜம்பிங் சாட்டை 75 சென்டிமீட்டருக்குள், பெட்டியில் குறுக்காக அடங்கிவிடும். டிரஸாஜ் சாட்டை 120 வரை வரும், அதற்கு ஹார்டுவேர் கடையில் ஒரு பிவிசி குழாய் வெட்டி வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, டேப் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், பெரிய விலை இல்லை.

சேணம் எடுத்துப் போவதாக முடிவானால், சென்னையில் கிளம்பும் அன்று செக்-இன் பண்ணுவதற்கு முன் சுங்கக் கவுண்டரில் அதைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். சீரியல் எண் அதில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியது என்று நினைத்து வரி கேட்டால் அந்தத் தாள்தான் பேசும். இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள், எல்லா நேரமும் ஆள் இருக்க மாட்டார்கள். திரும்பி வந்த பிறகும் அதே பல் குச்சி, அதே டூத் பிரஷ். அங்கே போட்ட பூட்ஸோடு நேராகக் கோவை லாயத்துக்குள் நுழைய வேண்டாம். எல்லாவற்றையும் வீட்டில் கழுவிக் காயவைத்து, சில நாள் விட்டு, அப்புறம் உங்கள் குதிரையிடம் போங்கள்.